கீத்துக் கொட்டகையும் இன்ஷூரன்ஸ்காரரும்

தீபாவளி ராக்கெட்டுக்குக் கண் கிடையாது. ஏறும்போது ஒழுங்காகத்தான் ஏறும். இறங்கும்போது யார் வீட்டில் இறங்கலாம் என்று யாரையும் கேட்காது. அந்த வருஷம் எதிர்வீட்டு ஆதிமூலம் விட்ட ராக்கெட், பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ராஜாங்கம் வீட்டுக் கொல்லையில் இருந்த சமையல் கொட்டகை மேல் வந்து படுத்துக்கொண்டது.

நல்லவேளை, ஐப்பசி மழையில் கீத்தெல்லாம் ஊறிக் கிடந்தது. புகைந்ததே தவிர பற்றவில்லை. ராஜாங்கத்தின் மனைவி அஞ்சலாட்சி ஒரு குடம் தண்ணீரை வீசி அணைத்தாள். ராஜாங்கம் தலை நிறைய எண்ணெயோடு நின்று "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார். அணைந்த பிறகும் கத்தினார்.

ஆதிமூலம் ஓடி வந்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்த சொல்தா. பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. பேச்சிலும் பாதி அங்கிருந்துதான் வந்தது.

"பர்தோன், முஸ்ஸே ராஜாங்கம், மன்னிச்சிடுங்க! ஆமா, வீட்டுக்கு அசுரான்ஸ் போட்டிருக்கீங்கல்ல?"

"அது என்னா சாமான்?"

"இன்ஷூரன்ஸ்ங்க. அங்கெல்லாம் வீடு எரிஞ்சா சிரிச்சிக்கிட்டே நிப்பான். கம்பெனிக்காரன் வந்து பணம் குடுத்துட்டுப் போவான்."

"இங்க?"

"இங்க நீங்க துண்டோட நிக்கறீங்களே, அது மாதிரிதான் நிக்கணும்."

ராஜாங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்தால் லேசில் போகாது. அங்கேயே, எண்ணெய் கண்ணில் இறங்க இறங்க, சபதம் செய்தார். இந்த வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் போடாமல் விடுவதில்லை! அதுவும் பாண்டிச்சேரியிலேயே மலிவான இன்ஷூரன்ஸ்!

அஞ்சலாட்சி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்குப் பதிலா கொட்டகையைப் பிரிச்சிட்டு ஒரு ஓட்டு சமையக்கட்டு கட்டிக் குடுங்களேன்."

"இது ஐப்பசி. அடைமழை. எந்த மடையனாவது இப்ப கட்டுவானா?" என்றார் ராஜாங்கம்.

இந்த இடத்தில் அந்த வீட்டுச் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்பக்கம் தளம் போட்ட மெத்தை வீடு. சிமெண்டுத் தரை, சாய்வு நாற்காலி, ராஜாங்கம் கால் நீட்டிப் பேப்பர் படிக்க ஜன்னலோரம் எல்லாம் உண்டு. கொல்லையில் தனியாக ஒரு கீத்துக் கொட்டகை. அதற்குள் அடுப்பு, புகை, அஞ்சலாட்சி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்பது ஒரே ஒரு ஓட்டு சமையலறை. நகை கேட்டாளா, பட்டு கேட்டாளா? பாவம், மழை ஒழுகாத ஒரு அடுப்பு கேட்டாள்.

ராஜாங்கமும் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பஞ்சாங்கத்தைத்தான் எடுத்துக் காட்டுவார். ஆடியா? ஆகாது. புரட்டாசியா? கூடாது. மார்கழியா? சிவ சிவா! சித்திரையில் கேட்டால் கொத்தனார் வெயிலில் மயங்கி விழுவான். தையில் கேட்டால் ஊரெல்லாம் கல்யாணம், மொய் எழுதவே கை வலிக்கும். மாசியில் கேட்டால், "இதோ பங்குனி வந்துடும், பாதியில நின்னா அபசகுனம்." தட்டாஞ்சாவடியில் தகர டப்பா செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அங்கே டப்பாவில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வீட்டில் ஒழுகிய கூரை மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

ஒரு ஆடி மாசம் கொட்டகை ஒழுகியபோது, "ஆடியில ஒத்தைக் கீத்து ஏத்த மாட்டேன்" என்று சொல்லி, குடை வாங்கிக் கொடுத்தார். குடையைப் பிடித்துக்கொண்டு அவள் வறுத்த கெளுத்தி மீனை ருசித்துச் சாப்பிட்டார். அதை அவள் மறக்கவில்லை.

ஆனால் அதே மனுஷன் முன்பக்கத்து மெத்தை வீட்டைக் கட்டியது எந்த மாசத்தில் என்று நினைக்கிறீர்கள்? மார்கழியில்! மார்கழியில் கொத்தனாருக்கு வேலை கிடையாது, கூலி குறைவு. "கார்த்திகை கடைசி நாள்லயே செங்கல் வச்சி பூஜை போட்டுட்டேன். ஆரம்பிச்ச வேலையைத் தொடரலாம், சாஸ்திரத்துல இடமிருக்கு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். அதையும் அவள் மறக்கவில்லை.

சரி, சபதத்துக்கு வருவோம். மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு ராஜாங்கம் இன்ஷூரன்ஸ் தேடிப் புறப்பட்டார். முதலில் பார்த்த ஏஜெண்ட், "கீத்துக் கூரை இருக்குதா?" என்று கேட்டார். "இருக்கு" என்று உண்மையைச் சொன்னதும் அந்த மனுஷன் நெற்றியைத் தேய்த்தார். "கூரைன்னா ரேட்டு ஏறுமே, சார்." உண்மைக்கு ஏது காலம்? ராஜாங்கம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரு வீதியில் மாடியில் உட்கார்ந்திருந்த வைத்திலிங்கத்திடம் போனார்.

"மெத்தை வீடா, கூரை வீடா?"

"மெத்தைங்க. முழுக்க முழுக்க மெத்தை. கீத்துன்னா என்னான்னே எங்களுக்குத் தெரியாது."

வைத்திலிங்கம் ஒரு தொகை சொன்னார்.

"கடைசியா என்னா?" என்றார் ராஜாங்கம்.

"கடைசியும் அதான், முதலும் அதான். இது சர்க்கார் ரேட்டு."

"பாதி வீட்டுக்கு மட்டும் போட்டா?"

"எந்தப் பாதி எரியும்னு நெருப்புகிட்ட யாரு சொல்றது?"

"தெருவுல நாலு பேரைக் கூட்டியாறேன். மொத்தமா எடுத்தா?"

"சார், இது வைத்திக்குப்பத்துல வலை இறக்குன மீனு இல்ல, கூறு போட்டுக் குடுக்க. வீட்டைப் பார்த்துட்டுத்தான் எழுதணும். வந்து பார்க்கிறேன்."

வந்து பார்த்தார். ராஜாங்கம் கம்பெனியில் இருந்த நேரத்தில் வந்து பார்த்தார். விவகாரமே அங்கேதான் ஆரம்பித்தது.

சாயங்காலம் ராஜாங்கம் சைக்கிளை நிறுத்துவதற்குள் அஞ்சலாட்சி வாசலுக்கு வந்துவிட்டாள். முகத்தில் கவலை கொட்டிக் கிடந்தது.

"ஏங்க, உங்க இன்ஷூரன்ஸ்காரரு வந்துட்டுப் போனாரு."

"ஐயையோ! கொல்லைப் பக்கம் போனாரா?"

"விடுவனா? கதவைச் சாத்திட்டு, சாவி உங்ககிட்ட இருக்குன்னு சொல்லிட்டேன்."

"நீதான்டி பொம்பளை! அப்புறம்?"

"கார்த்திகை கடைசி நாள் மறுபடி வர்றாராம். கொல்லையையும் பார்க்கணுமாம். கீத்து ஒண்ணு கண்ணுல பட்டாலும் ரேட்டு மூணு பங்காம். பொய் சொல்லியிருந்தா கேஸாம்."

ராஜாங்கம் மறுபடி சைக்கிளைப் பிடித்தார், விட்டார். வைத்திலிங்கத்திடமே கேட்டுவிட்டு வரலாம் என்றால் எந்த முகத்தோடு போவது? முழுக்க மெத்தை என்று சொன்ன வாய் அல்லவா?

"ஒண்ணு பண்ணலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள் அஞ்சலாட்சி. "கொட்டகையைப் பிரிச்சிட்டு ஓட்டு சமையக்கட்டு..."

"மூளை இருக்குதா உனக்கு? ஒருநாள் கூத்துக்கு மீசையைச் செரைக்கிறதா?" ராஜாங்கம் முன்னும் பின்னும் நடந்தார். திடீரென்று நின்றார். தொடையைத் தட்டினார். "ஏன்டி! கார்த்திகை கடைசி நாள் காலையில கூரையைப் பிரிச்சிடறோம். அந்த ஆளு வந்து பார்ப்பான், வெட்டவெளி! எழுதிக் குடுத்துட்டுப் போவான். மறுநாள் அதே கீத்தை மறுபடி ஏத்திடறோம். எப்படி?"

அஞ்சலாட்சி மோவாயில் கை வைத்து அவரையே பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ!"

இந்த ஒரு வார்த்தைக்கு ராஜாங்கம் ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

கார்த்திகை கடைசி நாள் மழை விட்டு வெயில் அடித்தது. கூரைக்காரர் அம்மாவாசை வந்து, ராஜாங்கம் மேற்பார்வையில் கொட்டகையைப் பிரித்தார். கீத்தையெல்லாம் பின்சுவரோரம் அடுக்கிக் கோணி போட்டு மூடினார்கள். "வர்றவருக்கு இளநீ வாங்கியாங்க, குளிர்ந்து போய் எழுதட்டும்" என்றாள் அஞ்சலாட்சி. நல்ல யோசனை என்று ராஜாங்கம் பையை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது வைத்திலிங்கம் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருந்த..." என்று ஆரம்பித்தார் வைத்திலிங்கம்.

"என்னா இருந்துச்சி? ஒண்ணுமே இருந்ததில்ல. நல்லா பாருங்க, வெட்டவெளி! இந்த வீடு கீத்தைப் பார்த்ததே கிடையாது."

வைத்திலிங்கம் அஞ்சலாட்சியைப் பார்த்தார். அஞ்சலாட்சி இளநீரை நீட்டினாள். "குடிங்கண்ணே." வைத்திலிங்கமும் கல்யாணமானவர்தான். இளநீரைக் குடித்தார், எழுதினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ராஜாங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவாசையை வரச்சொல்லி, கோணியை விலக்கப் போனார்.

"என்னாங்க பண்றீங்க?" அஞ்சலாட்சியின் குரல்.

"கூரை ஏத்தறோம்."

"இன்னிக்கு என்னா தேதி?"

ராஜாங்கம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"மார்கழி ஒண்ணுங்க" என்று அவளே சொன்னாள். "சிவ சிவா! மார்கழியில கூரை ஏத்தறதா? நாலு எழுத்துப் படிச்ச குடும்பம் பண்ற காரியமா இது?"

"கீத்துக்கெல்லாம் மாசம் கிடையாதுடி."

"ஆடியில மட்டும் இருந்துச்சா? ஒத்தைக் கீத்து ஏத்த மாட்டேன்னு எனக்குக் குடை வாங்கிக் குடுத்தீங்களே! அந்தக் குடை இருக்குது, எடுத்துட்டு வரட்டுமா?"

"அம்மாவாசை, நீ ஏறு!"

அம்மாவாசை ஏறவில்லை. அஞ்சலாட்சி கையால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பெரியவங்க சொன்ன சாஸ்திரம், அண்ணே. தை பொறக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

"அப்ப தை வரைக்கும் எங்க சமைப்ப?"

"பனியில நின்னா எனக்கு நெஞ்சு சளி கட்டும்" என்றாள் அஞ்சலாட்சி.

அடுப்பு முன் கூடத்துக்கு வந்தது. ஜன்னலோரம், சாய்வு நாற்காலி இருந்த இடத்துக்கே வந்தது. அங்கேதான் காற்று வருமாம். நாற்காலி மூலைக்குப் போயிற்று. அதுவரை கொல்லையோடு நின்றிருந்த புகை, இப்போது ராஜாங்கத்தோடு உட்கார்ந்து பேப்பர் படித்தது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "செய்தி அவ்வளவு சோகமா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

அதோடு விட்டாளா? அந்த மார்கழியில் அவளுக்குக் கருவாட்டின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. காலையில் நெத்திலி. மத்தியானம் வாளை. ராஜாங்கத்தின் கம்பெனிச் சட்டை கருவாடு மணத்தது. மேனேஜர் அவரைத் தள்ளி நின்று பேசச் சொன்னார். தெருப் பூனைகள் அவர் சைக்கிள் பின்னாலேயே வந்தன. ஆதிமூலம் வாசலில் நின்று, "முஸ்ஸே, வீடு எரியுதா? அசுரான்ஸ்காரனைக் கூப்பிடட்டுமா?" என்று தினமும் விசாரித்தார்.

பத்து நாள் தாங்கினார். அதற்கு மேல் மனுஷனால் முடியுமா? ஒரு காலை, சுறாக் கருவாடு வாணலியில் விழுந்த நேரம், ராஜாங்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அம்மா தாயே! ஓட்டு சமையக்கட்டே கட்டித் தொலைக்கிறேன். தை பொறந்த மறுநாளே!"

"ஏன் தை வரைக்கும்? இன்னிக்கே ஆரம்பிக்கலாமே."

"மார்கழியில எப்படி?"

"ஆரம்பிச்சதைத் தொடரலாம்ல? கார்த்திகை கடைசி நாள், நீங்க இளநீ வாங்கப் போனீங்களே, அப்பவே கொல்லை மூலையில செங்கல் வச்சி மஞ்சக் குங்குமம் போட்டு பூஜை பண்ணிட்டேன். சாஸ்திரத்துல இடமிருக்குன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க? மார்கழியில கொத்தனார் கூலியும் குறைச்சலாம்."

ராஜாங்கம் கொல்லைக்கு ஓடிப் பார்த்தார். கோணிக்குப் பின்னால், மஞ்சள் பூசிய செங்கல் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் ஓடு வேய்ந்து முடிந்தது. பொங்கலன்று புது அடுப்பில் பானை பொங்கியது. அஞ்சலாட்சி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. இந்தத் தடவை புகையால் இல்லை. அதைப் பார்த்து ராஜாங்கத்துக்கே கொஞ்சம் இளகியது. இதை முன்னாலேயே செய்திருக்கலாமோ என்றுகூட ஒரு விநாடி தோன்றியது. நல்லவேளை, உடனே மறைந்துவிட்டது.

மாட்டுப் பொங்கலுக்கு வைத்திலிங்கம் பாலிசியைக் கொடுக்க வந்தார். ராஜாங்கம் மார்பை நிமிர்த்திக்கொண்டு புது ஓட்டைக் காட்டினார்.

"பார்த்தீங்களா? இப்ப ரேட்டு இன்னும் எவ்வளவு குறையும்?"

"குறையாதுங்க. ஓட்டுக் கட்டடத்தையும் சேர்த்தா கொஞ்சம் ஏறும்."

"ஏறுமா! கீத்து இருந்தா மூணு பங்குன்னீங்களே?"

"நானா? கொல்லையில தனியா நிக்கிற கொட்டகைக்கும் மெத்தை வீட்டுக்கும் சம்பந்தமில்ல, அதை விட்டுட்டு முன்பக்கத்துக்கு மட்டும் எழுதிடறேன்னு அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேனே. கொட்டகைக்குள்ள உக்கார்ந்து சுடச்சுட வடைகூட சாப்பிட்டேன். கையெழுத்து வாங்க கார்த்திகை கடைசி நாள் வரச் சொன்னதும் அம்மாதான்."

ராஜாங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு யோசனை வந்தது. மாதம் எதுவாக இருந்தால் என்ன, இந்தப் பெண்பிள்ளையோடு சண்டை போடுவதற்கு ஒரு நல்ல நாளாவது பஞ்சாங்கத்தில் இல்லாமலா போகும்? எழுந்து, பஞ்சாங்கம் தொங்கும் ஆணியைத் தடவினார். ஆணி மட்டும் இருந்தது.

"அஞ்சலாட்சி! பஞ்சாங்கம் எங்க?"

புது சமையலறையிலிருந்து பதில் வந்தது. "பொங்கலுக்கு அடுப்பு பத்த வைக்க காகிதம் வேண்டியிருந்துச்சிங்க. நெருப்புல போனதுக்குப் பணம் குடுப்பாங்களாமே, அண்ணன் அங்கதான இருக்காரு, கேட்டுப் பாருங்க!"