இரண்டாம் பக்கத்தில் எட்டு மணி நேரத் தூக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் வீட்டில் அனைவரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று இந்தத் தொற்று தொடங்கியதிலிருந்து உனக்கு ஆறு கடிதங்கள் எழுதிவிட்டேன். ஆறும் பொய்.

பள்ளிக்கூடங்கள் மூடி எட்டு மாதமாகிறது. பள்ளிக்கூடம் இல்லையென்றால் எங்கள் சீருடைக் கடைக்கு என்ன வேலை? தைத்து முடித்த சட்டைகள் நூற்று நாற்பது தொங்குகின்றன. பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே வளர்ந்துவிட்டார்கள், சட்டைகள் வளரவில்லை. இரண்டு தையற்காரர்களையும் காஜா எடுக்கும் பெண்மணியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் மகன் தினமும் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், அந்த நூற்று நாற்பதையும் இஸ்திரி போடுகிறான். மறுநாளும் அதே சட்டைகள். "யாருக்குடா இது?" என்று கேட்டேன். "கை சும்மா இருந்தா பயமா இருக்கும்மா" என்றான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை சொல்கிற பேச்சா இது?

இந்த நேரத்தில்தான், சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு அரசாங்க நிவாரணம் என்று ஒரு படிவம் வந்தது. மூன்று நாள் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீயே எழுதிடும்மா, எழுத்தே கண்ணுல நிக்க மாட்டேங்குது" என்றான். எழுதினேன். முதல் பக்கம் கடையைப் பற்றி, அதில் குறையில்லை. இரண்டாம் பக்கம் நிர்வாகியின் மனநலமாம். தம்பி, முகம் தெரியாத அதிகாரி ஒருவர், என் மகன் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று கேட்கிறார்! எட்டு என்று எழுதினேன். கடந்த மாதம் எத்தனை நாள் மனச்சோர்வு? ஒரு நாளும் இல்லை. யாரிடமாவது மனம்விட்டுப் பேசத் தோன்றுகிறதா? அவசியமில்லை, தாயார் உடனிருக்கிறார். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் பழக்கிய கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பி அனுப்பினேன்.

போன வாரம் பதில் வந்தது. நெருக்கடியிலும் தளராத மன உறுதிக்குப் பாராட்டாம். பாதிப்பு அதிகமுள்ளவர்களுக்கே முன்னுரிமை என்பதால் மனு தள்ளுபடியாம். எதிர்க்கடைச் செருப்புக்காரருக்குக் கிடைத்துவிட்டது. "என்ன பெரியம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! நான் தினம் அழறேன்னு எழுதினேன். எம் பொண்டாட்டி படிச்சிட்டு, 'எப்பங்க அழுதீங்க, எனக்குத் தெரியாம?'ன்னு கேக்கறா" என்று சிரிக்கிறார். என் மகன் சிரிக்கவில்லை. என்மேல் கோபப்படவும் இல்லை. அந்தப் பாராட்டுக் கடிதத்தை இஸ்திரி போட்டு, மடித்து, சட்டைகளோடு வைத்தான். 

மேல்முறையீட்டுக்கு மாதக் கடைசி வரை அவகாசம். வேறு வீட்டில் வசிக்கும் உறவினர் ஒருவர், மனுதாரர் நிலைமை உண்மையிலேயே மோசம் என்று சான்று எழுதித் தர வேண்டுமாம். உன் அத்தான் போன பிறகும் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அவன் தூங்குவதில்லை, பேசுவதில்லை, கடை போய்விட்டால் ஆளும் நமக்கு மிஞ்சமாட்டான் என்று எழுது. அச்சகத்தைக் கம்பீரமாக நடத்துகிறவன் நீ. உன் சொல்லை நம்புவார்கள். ஆனால் நான் சொன்னதாக எழுதாதே.

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கூட்டத்தில் போகாதீர்கள்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகன் வந்து இதைப் படித்துவிட்டான். "மாமாவுக்கா அனுப்பற? அவரும் அச்சகத்துக்கு மனு போட்டாரும்மா. ரெண்டாம் பக்கத்த அவரே நிரப்பினார். அவருக்கும் பாராட்டுதான் வந்துச்சு. மெஷின்ல ஒண்ண வித்தாச்சு. 'அக்காவுக்குத் தெரிய வேணாம்டா'ன்னு சத்தியம் வாங்கிட்டார்" என்றான். எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தான். பிறகு அதை நிறுத்த அவனால் முடியவில்லை, அழுகையில் போய் முடிந்தது. ஆகவே கம்பீரம் என்று மேலே எழுதியதை விட்டுவிடு. உன் மேல்முறையீட்டுப் படிவத்தை உடனே எனக்கு அனுப்பு. உன் நிலைமை படுமோசம் என்று நான் எழுதித் தருகிறேன். என் மகனுக்கு நீ எழுது. தம்பி, மெஷினை எப்போதடா விற்றாய்?