வால் தேய்ந்த வியாழக்கிழமை

நான் விமானி என்றதும் எதிரில் இருப்பவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு விமானத்தின் வாலை ஓடுபாதையில் தேய்த்தவள் என்பதை நான் பெரும்பாலும் சொல்வதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

சரக்கு விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்து நாலாவது மாதம். வியாழக்கிழமை காலை சென்னையில் நானே இறக்கப்போகிறேன் என்று ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். (அடக்கம் எனக்குப் பின்னாளில்தான் வந்தது. அதுவும் அரைகுறையாக.) அப்பா அக்கம்பக்கத்தாரை மொட்டை மாடியில் நிறுத்தி, மேலே போன எல்லா விமானத்துக்கும் கையசைத்திருக்கிறார்.

சக்கரம் தரையைத் தொடுவதே தெரியக் கூடாது என்பது என் சபதம். முதல் நாள் மழையில் ஓடுபாதை சேறும் ஈரமுமாக இருந்தது. விமானம் தொட்டது, பந்து மாதிரி எழும்பியது. பதறிப்போய் மூக்கை இன்னும் தூக்கினேன். மூக்கு மேலே போனால் வால் கீழே போகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு நொடி எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து, இரும்புக் கட்டிலைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம்.

கேப்டன் குரியன் சட்டென்று கட்டுப்பாட்டை வாங்கி விமானத்தை நிறுத்தினார். கொஞ்சம் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்றார். சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் வேறு இருவர் அதே விமானத்தை எடுத்துப் போகவேண்டும். நான் வாயை மூடிக்கொண்டால் என் வேலை தப்பும்.

"சார், வால் இடிச்சிருக்கு. நான்தான் இடிச்சேன்."

அவர் விமானத்தின் பழுதுக் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டேன்.

கீழே, சிந்தாதிரிப்பேட்டைக்காரரான மெக்கானிக் நசீர் பாய் வாலடியில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார். இரண்டு கை நீளத்துக்குக் கீறல். "இன்னா மேடம், இவ்ளோ தேச்சிக்கீறீங்க" என்று சிரித்தார். ஏணி வைத்து உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"உள்ள வாலைத் தாங்கற சட்டம் விரிசல் விட்டுக்கீது. நீங்க சொல்லாங்காட்டி, மேல போனது முழுசா திரும்பியிருக்காது."

அங்கேயே ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

விசாரணையில் தலைகுனிந்து நின்றேன். என் காதில் விழாதது இந்தப் பெண் காதில் விழுந்தது, மறைக்காமல் எழுதியதும் இவள்தான் என்று குரியன் எனக்காகப் பேசினார். மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள், வேலை தப்பியது. அந்த விமானத்தில் போகவிருந்த இருவரும் என்னைத் தேடி வந்து, மயிலாப்பூரில் வயிறு முட்ட டிபன் வாங்கித் தந்தார்கள். இன்று புதியவர்களுக்குத் தரையிறக்கம் சொல்லித் தருவது நான்தான். முதல் பாடமே அந்தக் கீறலின் புகைப்படம்.

போன மாதம் கேப்டனானேன். தோளில் நான்கு பட்டையோடு வீட்டுக்கு வந்து, கம்பீரமாக சோபாவில் உட்காரப் போனேன். அப்பா எழுந்து நின்று சல்யூட் வைத்தார்.

"கேப்டன், மெதுவா உக்காருங்க. வால் பத்திரம்."