எருமை மசோதா

செய்தி பாதியில் நின்றது. நின்றது என்பதைவிட, வேதகிரி நிறுத்தினார் என்பதுதான் சரி. குமிழைத் திருகிய விரல்கள் இன்னும் அதன் மேலேயே இருந்தன.

உத்திரமேரூர் டவுன் பஞ்சாயத்துப் பூங்காவின் நடுவில் ரேடியோ அறை. அதன் தலையில் நாலு திசைக்கும் நாலு ஒலிபெருக்கிகள். அறையைத் திறப்பதும் ரேடியோவைப் போடுவதும் அணைப்பதும் வேதகிரியின் உத்தியோகம். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கேட்கும்படி பேசக்கூடியவர் தாம் ஒருவர்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பேசுவது சென்னையில் யாரோ என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சற்று முன்பு மாநிலச் செய்தி வாசித்தவர், மழை நிலவரம் சொல்வது போன்ற குரலில், டவுன் பஞ்சாயத்துகள் விரும்பினால் ரேடியோ அறை ஊழியர் பதவியை எடுத்துவிடலாம் என்று ஒரு மசோதா சட்டசபைக்கு வரப்போவதாகச் சொன்னார்.

"விரும்பினால்" என்ற சொல்லில்தான் வேதகிரியின் கை குமிழுக்குப் போனது. பஞ்சாயத்துத் தலைவர் பாண்டுரங்கன், நிலா காயும் நாட்களில் தெருவிளக்கு பல்பைக் கழற்றி வைக்கச் சொல்பவர். சட்டம் வரும்வரைகூடக் காத்திருக்க மாட்டார். வேலை போனால் ஐயங்கார்குளத்தில் மைத்துனன் நிலத்தில் களை பிடுங்க வேண்டும். அந்த மைத்துனன், கல்யாணத்தன்றே மண்வெட்டி ஒன்றைக் காட்டி, "மாமா, இது உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொன்னவன்.

ஒரே ஆறுதல், ஊரில் செய்தி கேட்பவர் வேறு யாரும் இல்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்திக்குப் பின்னால் வரும் சினிமாப் பாட்டுக்காகப் பொறுமையாக இருந்தார்கள். இப்போது பாட்டும் போய்விட்டதால் கூச்சல் போட்டார்கள். கூச்சலைக் கேட்டுச் சைக்கிளை நிறுத்தினார் பாண்டுரங்கன்.

அவருக்குச் சட்டசபைச் செய்தியில் அக்கறை உண்டு. போன வருஷம் சந்தைக் கட்டணத்தைப் பற்றி ஒரு சட்டம் வந்து, தெரியாமல் பழைய கட்டணத்தையே வசூலித்து, மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்று முதல் சட்டசபையில் நடப்பதைக் கேட்டுத் தம்மிடம் சொல்லும் பொறுப்பை வேதகிரிக்குக் கொடுத்திருந்தார். பொறுப்பு கூடுதல், சம்பளம் பழையது.

"இன்னாய்யா, எதுக்கு நிறுத்திட்டே? சட்டசபையில எதனா சொன்னாங்களா?"

"சொன்னாங்க தலைவரே. பேஜாரான சேதி. அதான் ஜனங்க காதுல வுழ வேணாமேன்னு..."

"இன்னா சேதி?"

வேதகிரி பார்வையை வெளியே திருப்பினார். பூங்காக் கம்பியில் ஓர் எருமை கண்ணை மூடிக்கொண்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உலகத்தில் கவலையே இல்லாத ஒரே ஜீவன் போல இருந்தது.

"எருமைக்கு வரி போடப் போறாங்களாம்" என்றார் வேதகிரி.

பாண்டுரங்கன் வீட்டில் ஒன்பது எருமைகள். ஊரில் பாதிப் பேருக்கு எருமைதான் மாதச் சம்பளம். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுப் பக்கம் மிதித்தார்.

மறுநாள் வந்த பேப்பரில் ரேடியோ அறைச் செய்தி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நல்ல வேளையாகப் படிப்பகமும் வேதகிரியின் பொறுப்புதான். பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி செங்கேணி அதில் கருவாட்டைப் பொட்டலம் கட்டித் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அத்தோடு தொல்லை ஒழிந்தது என்று நினைத்தார்.

பாண்டுரங்கன் வேறெங்கோ ஒரு பேப்பரை வாங்கி வந்திருந்தார். அதில் எருமை என்ற சொல்லையே காணோம் என்றார். மூன்றாம் பக்கம் வரை போகும் பழக்கம் அவருக்கு இல்லாததால் மற்றதை அவர் பார்க்கவில்லை.

"பேப்பர்ல எப்படி வரும் தலைவரே? ரகசியமா கொண்டாறாங்க" என்றார் வேதகிரி.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது. வெறும் வரி என்றால் பாண்டுரங்கன் முனகிவிட்டு விட்டிருப்பார். ரகசிய வரி என்றதும் அவர் உடனே அவசரக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பினார்.

கூட்டத்தில் வேதகிரியை நடுவில் நிறுத்தினார்கள். உறுப்பினர்களிலேயே அதிகம் கறப்பவர் தாயாரம்மாள். காஞ்சிபுரத்து ஓட்டல்களுக்குப் பால் ஊற்றுகிறவர். அவர் கேட்கிற கேள்விக்கு வக்கீல்களே தடுமாறுவார்கள்.

"எருமைக்கு வரி கட்டினதுக்கு அடையாளம் இன்னா? சைக்கிளுக்குத் தர்ற மாதிரி தகர வில்லை தருவாங்களா?"

"ஆமாம்மா. கொம்புல கட்டணும்."

"கொம்பு ஒடிஞ்சதுக்கு?"

"அதுக்கு வால்ல."

"சினை எருமைன்னா ஒண்ணா, ரெண்டா?"

வேதகிரி ஒரு நொடி யோசித்தார். "ஒண்ணரை" என்றார்.

அறை முழுவதும் பெருமூச்சு எழுந்தது. ஒண்ணரை என்று கேட்ட பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. பொய் சொல்கிறவன் ஒண்ணு என்பான், ரெண்டு என்பான். ஒண்ணரை என்று சொல்ல அரசாங்கத்தால்தான் முடியும். மசோதாவை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. அதுவரை வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அதுதான்.

அந்த வாரம் ஊரில் எருமைகள் மறையத் தொடங்கின. சிலர் புள்ளலூர்ச் சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய் விட்டார்கள். சிலர் ஏரிக்கு அந்தப் பக்கம் முள்காட்டில் கட்டினார்கள். டீக்கடையில் பால் இல்லை. கறுப்பு டீயைக் குடித்த ஊர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிந்தது.

வேதகிரிக்குத் தூக்கம் போயிற்று. செங்கேணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நீ கட்டி வெச்ச எருமைதானே. நீயே அவுத்து வுட்டுடு" என்றாள்.

நல்ல யோசனையாகப் பட்டது. அன்று மாலைச் செய்தி முடிந்ததும் அவரே பாண்டுரங்கனிடம் ஓடினார். எருமை மசோதாவை ஒத்தி வைத்துவிட்டார்களாம், இனிமேல் கவலை இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

பாண்டுரங்கன் மெதுவாகச் சிரித்தார். பஞ்சாயத்துத் தலைவரான நாள் முதல் யாரும் அவரைக் கண்டு பயந்ததில்லை.

"நம்ம தீர்மானத்துக்குப் பயந்துட்டானுங்க. இப்பவே கோட்டைக்குப் போய் ஒரே அடியா அடிச்சிடணும். நீயும் வா. உனக்குத்தான் அந்தச் சட்டம் மனப்பாடம்."

வேதகிரி முதலில் சாக்குத் தேடினார். அப்புறம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கோட்டைக்குப் போனால் எப்படியாவது எம்.எல்.ஏ.வைத் தனியாகப் பிடித்து, அந்த இன்னொரு மசோதாவை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை போடலாம். செங்கல்பட்டு வழியாகப் போன பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையையே மனசுக்குள் உருட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் தாயாரம்மாள் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டே, கன்னுக்குட்டிக்கு எந்த வயசிலிருந்து வரி என்று கேட்டார். பல் விழுந்ததிலிருந்து என்றார் வேதகிரி. இப்போது பதில்கள் தாமாகவே வந்தன.

சட்டமன்ற விடுதியில் எம்.எல்.ஏ. எல்லோரையும் வரவேற்றார். எருமை மசோதா என்றதும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தம் தொகுதிக்காரர்களுக்குத் தெரிந்த மசோதா தமக்குத் தெரியாது என்று எந்த எம்.எல்.ஏ.வும் சொல்லிவிட முடியாது.

"அதுவா? நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார்.

வேதகிரி அவரை அதிசயமாகப் பார்த்தார். தம்மைவிடத் துணிச்சலான ஒருவரை அன்றுதான் சந்திக்கிறார். தனியாகப் பேசவும் வழியில்லை, பாண்டுரங்கன் எம்.எல்.ஏ.வின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. எல்லோருமாகக் கோட்டைக்குப் போனார்கள்.

அங்கே ஒரு துணைச் செயலாளர் இருந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். அப்படி ஒரு மசோதாவே இல்லை என்றார். எம்.எல்.ஏ. இருமினார். அது இல்லாமல் இருப்பதற்கே தாம்தான் காரணம் என்றார். பாண்டுரங்கன் மேஜையைத் தட்டாத குறையாக, மறைக்க வேண்டாம், எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லி, வேதகிரியை முன்னால் தள்ளினார்.

"சொல்லுய்யா. கொம்புல ஆரம்பிச்சு வால் வரைக்கும் சொல்லு."

வேதகிரி சொன்னார். கொம்பில் வில்லை, ஒடிந்திருந்தால் வால், சினைக்கு ஒண்ணரை, வறட்டு எருமைக்குப் பாதி, கன்றுக்குப் பல் விழுந்த பின். துணைச் செயலாளர் முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒண்ணரையில் பேனாவை எடுத்தார். பாதியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் மெய்மறந்து, "எருமை இறந்துவிட்டால்?" என்று கேட்டார்.

"வில்லையைத் திருப்பிக் குடுத்துடணும் சார்."

"பிரமாதம்" என்றார் துணைச் செயலாளர். டவுன் பஞ்சாயத்துகளுக்கு வருமானம் தேடித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்ததாகவும், மக்களே நேரில் வந்து விவரமாகக் கொடுத்த முதல் வரி இதுதான் என்றும் மகிழ்ந்தார். மசோதாவாக எழுதி இந்தக் கூட்டத்தொடரிலேயே வைத்துவிடலாம்; சோதனையாக முதலில் உத்திரமேரூரிலேயே தொடங்கலாம் என்றார். எல்லோர் கையையும் குலுக்கினார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் எம்.எல்.ஏ.வுக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. தாயாரம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேதகிரியை ஏற இறங்கப் பார்த்தார். பாண்டுரங்கன் மட்டும் வாயைத் திறந்தார்.

"ஊருக்கு வா நைனா. உனக்குக் கீது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வேதகிரி பின்தங்கினார். எப்படியும் போகிற உயிர். போவதற்கு முன்னால் அந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த டவாலி வீராசாமி, பேச்சைக் கேட்டால் செங்கல்பட்டுப் பக்கத்து ஆள் மாதிரித் தெரிந்தார். அவரிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, ரேடியோ ரூம் ஆளுங்களை எடுத்துடலாம்னு ஒரு மசோதா கீதாமே. அதை யாரு கிளப்பி வுட்டது?"

"அதுவா?" என்று வீராசாமி காதைக் குடைந்துகொண்டே சொன்னார். "போன வருஷம் மந்திரி உத்திரமேரூர் பக்கம் வந்தப்போ யாரோ ஒருத்தர் வழியை மறிச்சுக்கினு, ரேடியோ ரூம்ல ஒரே புழுக்கமா கீது, ஒரு ஃபேன் போட்டுக் குடுங்கன்னு கேட்டாராம். ரேடியோவைத் திருகறதுக்குன்னு ஊருக்கு ஊரு ஒரு ஆளு சம்பளம் வாங்கிக்கினு கீறான்னே அப்பதான்யா கோட்டையில தெரிஞ்சுது."