அளவெடுத்துச் செய்த சைக்கிள்

எனக்குக் கால் குட்டை. இந்தச் சின்ன உண்மையை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது. போதாததற்கு ஒரு கார்பன் சைக்கிளும், ஒரு வாழை மரமும், என் மைத்துனியின் நிச்சயதார்த்தமும் தேவைப்பட்டன.

புதுக்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் அளவியல் நடத்துகிறேன். ஒரு பொருளைப் பிழையில்லாமல் அளப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. அரை மில்லிமீட்டர் தவறினால் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிகிற ரகம். (பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.) சில வருடங்களுக்கு முன்பு இந்த மேதைக்கு, இரும்பைவிட எடை குறைந்த கார்பன் சைக்கிள் மேல் ஆசை வந்தது. கடையில் செய்து வைத்ததை வாங்குவது சாமானியர்கள் வேலை அல்லவா? பெங்களூரில், ஆளின் அளவுக்கு ஏற்ப ஃப்ரேம் செய்து தரும் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்தேன்.

மற்ற பாகங்களை நானே தேர்ந்தெடுத்தேன். பெடல் அச்சின் பேரிங் ஃப்ரேமின் துளைக்குள் சரியாக உட்காருமா, பின்னால் பதினோரு பல்சக்கரம் என்றால் சங்கிலியும் கியரும் அதே பதினொன்றுக்கு உரியவைதானா, டிஸ்க் பிரேக் போட்டால் சக்கரத்தின் அச்சு எந்த வகையாக இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் ஆராய்ந்து, ஹால் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினேன். பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. என் மனைவி தேன்மொழி அதை இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"நமக்கு ஜாதகம் பாத்தப்பகூட இம்புட்டுப் பொருத்தம் பாக்கலங்க."

"பாத்திருக்கலாம்" என்றேன், பெரிய நகைச்சுவைக்காரன் மாதிரி. (அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.)

பட்டறைக்காரர்கள் என்னிடம் முக்கியமாகக் கேட்டது இரண்டே அளவு. உயரம் ஒன்று. இன்னொன்று உள்கால், அதாவது தொடை இடுக்கிலிருந்து வெறுங்காலோடு தரை வரை. சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை இடுக்கிக்கொண்டு அளக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த தேன்மொழி சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புத்தகத்தை வீசிவிட்டு, வழக்கமாக எனக்கு பேண்ட் தைக்கும் டெய்லர் சேகரிடம் போனேன்.

"உள்கால் அளவு மட்டும் எடுத்துச் சொல்லுங்க."

"பேண்ட்டுக்கா சார்?"

"அளவச் சொல்லுங்க, போதும்" என்றேன். காரணத்தை இவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற திமிர். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அவர் டேப்பை வைத்தார், எடுத்தார், துண்டுத்தாளில் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். அளவியல் ஆசிரியர் அதை இன்னொரு முறை அளந்துகூடப் பார்க்காமல் அப்படியே பெங்களூருக்கு அனுப்பினார்.

ஒரு வாரத்தில் பட்டறைக்காரர் கூப்பிட்டார். "சார், உங்க உயரத்துக்கு இந்தக் கால் ரொம்ப நீளமா இருக்கே. இன்னொரு தடவை அளந்து அனுப்ப முடியுமா?"

"நான் அளவியல் ஆசிரியர்" என்றேன்.

"அப்ப ரொம்ப அபூர்வமான உடம்பு சார் உங்களுக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆசிரியர் ஓய்வறையில் சொன்னேன். மாமனாரிடம் போனில் சொன்னேன். குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று என் அபூர்வமான கால்களை நானே பார்த்துப் பூரித்தேன். தைரியம் கூடிப்போய், சீட்டைத் தாங்கும் கம்பத்தையும் ஃப்ரேமோடு ஒரே வார்ப்பாகச் செய்யச் சொல்லிவிட்டேன். எடை கொஞ்சம் குறையும். ஆனால் சீட்டை ஏற்றவோ இறக்கவோ முடியாது. எனக்கென்றே செய்கிற வண்டியில் எதற்கு இறக்க வேண்டும்?

சைக்கிள் வந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பூட்டினேன். அட்டவணை பொய்க்கவில்லை. பேரிங் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது, கியர் சொன்ன பேச்சைக் கேட்டது, பிரேக் உரசவில்லை. எல்லாப் பாகமும் ஒன்றோடொன்று பொருந்தியது. பிறகு நான் ஏறி உட்கார்ந்தேன். கீழே போன பெடலை என் கட்டைவிரல் நுனிதான் தொட்டது. தரை அதற்கும் கீழே எங்கேயோ இருந்தது.

சேகரிடம் ஓடினேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "மடிப்புக்கு ரெண்டு இஞ்சு, துணி சுருங்குறதுக்கு அரை இஞ்சு சேத்துத்தான் சார் எப்பவும் எழுதுவேன். பேண்ட்டுன்னா மடிச்சு அடிச்சுத் தந்துருவேன். சைக்கிள என்ன செய்யறது?"

கொஞ்சமாவது அறிவுள்ளவன் அன்றோடு அதை மூலையில் சாத்தியிருப்பான். எனக்கு அந்த வியாதி இல்லை. இரண்டு நாளில் பொன்னமராவதியில், மாமனார் வீட்டில், மைத்துனி கயலுக்கு நிச்சயதார்த்தம். அங்கே கார்பன் சைக்கிளில்தான் வந்து இறங்குவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கால் பெடலை விட்டு நழுவாமல் இருக்க, பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ ஒன்று வாங்கினேன். எட்டாத பெடலோடு காலைப் பூட்டிக்கொண்டால் எட்டிவிடும் என்பது என் விஞ்ஞானம்.

அந்த நிச்சயதார்த்தத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளை சரவணன் ஆலங்குடியில் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவருடைய அம்மாவுக்கு மனசு முழுக்க ஒப்பவில்லை. மூத்த மருமகன் வாத்தியாராம், பெரிய படிப்பாம், தன் மகன் அந்த வீட்டில் ரெண்டாம்பட்சமாகிவிடுவானோ என்று தயங்கிக்கொண்டிருந்தார். கயலுக்கோ சரவணனைத் தவிர வேறு பேச்சில்லை. முதல் நாளே பஸ்ஸில் கிளம்பிய தேன்மொழி வாசலில் நின்று சொன்னாள்:

"அந்தம்மா வர்றப்ப நீங்க வேட்டி சட்டையோட வாசல்ல கைகூப்பி நிக்கணும். அவுக மனசு சமாதானமாயிரும். ஒங்கள்ட்ட வேற எதுவும் கேக்கல. ஒன்பது மணிக்கு நில்லுங்க, போதும்."

விடியும்போது எங்கள் வீட்டுச் சுவரைப் பிடித்து ஏறிக் கிளம்பினேன். போய்க்கொண்டிருக்கிறவரை ஒரு குறையும் இல்லை. நிறுத்தினால்தான் ஆபத்து; சீட்டிலிருந்து முன்னால் இறங்கினாலும் குறுக்குக் கம்பி தரையைத் தொட விடாது. இறங்குவதற்கும் சுவர் வேண்டும், ஏறுவதற்கும் சுவர் வேண்டும். தண்ணீர் குடிக்க ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றேன், பிழைத்தேன். அடுத்து ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஆட்டைப் பிடித்து நிற்க முடியுமா? ஷூவைப் பெடலிலிருந்து கழற்றுவதற்குள் புழுதியில் கிடந்தேன். ஆடு மேய்த்த அம்மா ஓடி வந்து தூக்கிவிட்டு, என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, அண்ணன் சைக்கிளக் கேக்காம எடுத்துக்கிட்டு வந்துட்டியா?"

அங்கே சுவர் கிடையாது. அடுத்த மைல்கல் வரை உருட்டிக்கொண்டு நடந்து, அதன் மேல் கால் வைத்து ஏறினேன். இப்படி நாலைந்து இடம். எட்டு மணிக்குப் போய்க் குளிக்க வேண்டியவன், மாமனார் தெருவுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது. எனக்கு முன்னால் ஆலங்குடி வேனும் நுழைந்து, நான் நம்பி வந்த காம்பவுண்டுச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றது. சம்பந்தி வீட்டார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பன்னீர்ச் செம்போடு மாமனார், சந்தனக் கிண்ணத்தோடு தேன்மொழி. பிடித்துக்கொள்ள ஒரு செங்கல்கூட இல்லை.

வணக்கம் போடுகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு அவர்களைக் கடந்து போனேன்.

தெருக்கோடியில் திரும்பி மறுபடி வந்தேன். பின்புறம் மெத்தை வைத்த இறுக்கக் கால்சட்டை, முழங்கையெல்லாம் செம்மண். தேன்மொழி பல்லைக் கடித்துக்கொண்டு, "எறங்குங்க!" என்றாள். "முடியல!" என்றபடியே இரண்டாம் முறையும் கடந்தேன். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் மாமனாரிடம் வியப்போடு கேட்டது காதில் விழுந்தது: "சர்க்கஸெல்லாம் ஏற்பாடு பண்ணிருக்கீக போல?"

மூன்றாம் முறை, பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழை மரம் கண்ணில் பட்டது. கட்டிப்பிடித்தேன். அது என்னைத் தாங்கும் என்று எந்த அளவியல் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை. மரம், குலை, நான், சைக்கிள் நான்கும் சேர்ந்து, சீர்த்தட்டு ஏந்தி நின்ற பெண்கள் நடுவே போய் விழுந்தோம். கற்கண்டு தெருவெல்லாம் சிதறியது. என் கால் மட்டும் பெடலை விடவே இல்லை.

 ஒரு கிழவியின் குரல் தெளிவாகக் கேட்டது: "வாழ மரம் சாஞ்சிருச்சேடி. சகுனம் சரியில்லையே."

 ஜன்னலில் கயலின் முகம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அந்த நிமிஷம் எனக்கு வெட்கம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. என் வீம்புக்காக அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் தெருவில் கொட்டிவிட்டேனே என்று.

சரவணனின் அம்மா சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னருகே வந்து குனிந்து பார்த்தார்.

"இவருதான் அந்த வாத்தியாரு மருமகனா?"

"ஆமாங்க" என்றார் மாமனார், கொலையை ஒப்புக்கொள்கிற குரலில்.

அந்த அம்மா நிமிர்ந்தார். சம்பந்தம் பேச ஆரம்பித்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை யாரும் பார்த்ததில்லையாம். "இதுக்குப் போயா நான் தூங்காமக் கெடந்தேன்! சகுனமாவது ஒண்ணாவது. தட்ட மாத்துங்க சம்பந்தி. எம்மவன் என்ன செஞ்சாலும் இந்த வீட்டுல நல்ல பேருதான்."

தெருவே சிரித்தது. சரவணன் வந்து என் காலை விடுவித்து, சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கினார். ஒரு காலைத் தாண்டிப் போட்டுச் சும்மா நின்று பார்த்தார். ஆறடி ஆள். இரண்டு பாதமும் தரையில் அழகாகப் பதிந்தன. "நமக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரியில்ல இருக்கு, அண்ணே!" என்றார். வண்டி இப்போது ஆலங்குடியில்தான் இருக்கிறது.

அன்று அந்த அம்மா சொன்னது அப்படியே பலித்தது. போன பொங்கலுக்குச் சரவணன் காரைப் பின்னால் எடுக்கும்போது மாமனாரின் புது கேட்டை இடித்துச் சாய்த்துவிட்டார். மாமனார் முகம் சிவந்து, "ஏன் மாப்பிள்ள, பின்னாடி பாத்து எடுக்க..." என்று ஆரம்பித்தார். அடுப்படியிலிருந்து கயலின் குரல் வந்தது: "அப்பா, மேக்கொண்டு பேசறதுக்கு முந்தி அத்தான ஒரு தடவ பாத்துக்கங்க."

மாமனார் திரும்பி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு சரவணன் தோளில் கை போட்டு, "அட விடுங்க மாப்பிள்ள, நம்ம வீட்டுல இதெல்லாம் ஒரு சேதாரமா" என்று சொல்லிச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.