யார் பெயர் மேலே?

"என் பேருக்கு மேல ரேகா பேரா? அப்ப நான் எதுக்கு இங்க டைரக்டரா உக்காந்திருக்கேன்?"

அழைப்பிதழை மேசையில் வீசினார் சுப்புராயன். சிதம்பரத்தில் இருக்கும் அந்தச் சர்வதேச உறவு மற்றும் ராஜதந்திர முதுகலைக் கல்லூரியில், நாட்டுக்கு நாடு சமாதானம் செய்துவைக்கக் கற்றுத்தருகிறார்கள். அதற்கு இயக்குநர் இவர். கேட்கவா வேண்டும்! வியாழக்கிழமை ஆண்டு விழாவுக்கு ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் வருகிறார்.

எதிரே நின்ற ஆரோக்கிய பிரபு, ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். பாடம், சமரசப் பேச்சுவார்த்தை. விழா சண்டையில்லாமல் நடந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். மாதாவே, இந்தத் தடவையாவது!

"மாத்திடறேன் சார்."

கடலூர் அச்சகத்துக்கு ஓடிப் பெயரை மாற்றினான். உடனே துறைத்தலைவர் ரேகாவின் போன் வந்தது.

"அவருக்குக் கீழயா? நான் லீவு. விழாவ நீங்களே நடத்திக்குங்க."

வம்பே வேண்டாமென்று அகர வரிசையில் போட்டான். முதல் பெயராக அவன் பெயரே வந்து நின்றது.

"ஓகோ! அவ்ளோ தூரம் ஆயிடுச்சா?" என்றார் சுப்புராயன்.

வட்டமாகப் போட்டான். இருவரும் ஆளுக்கொரு ஸ்கேலை வைத்து உச்சியில் யார் என்று அளந்தார்கள். இருவரும் பேராசிரியர்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வெறுத்துப்போய் இரண்டு விதமாக அடிக்கச் சொன்னான். ஒன்றில் அவர் மேலே, இன்னொன்றில் இவர். அப்பாடா என்பதற்குள் அலுவலக ஊழியர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க பேரெல்லாம் எங்க சார்? நாங்க மனுசங்க இல்லியா?"

எல்லார் பெயரையும் சேர்த்தான். அச்சக உரிமையாளர் லூர்துசாமி, அக்கா வீட்டுக்காரர், தலையில் கைவைத்தார்.

"மச்சான், இடமே இல்ல. எதையாவது எடுத்தாவணும்."

"எங்க ஆளுங்க ஒருத்தர் பேரு போனாலும் என் வேல போயிடும் மாமா. வேற எத வேணா எடுங்க."

வியாழக்கிழமை மேடையில் சுப்புராயனும் ரேகாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"நீதான்யா நெஜமான ராஜதந்திரி" என்று பிரபுவைத் தட்டிக்கொடுத்தார் சுப்புராயன். "நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு. தூதர் கையால வாங்கிக்க."

பிரபுவுக்குக் கண் கலங்கியது. மணி பதினொன்றாகியும் தூதரைத்தான் காணோம். வாட்ச்மேன் பொன்னுரங்கம் அழைப்பிதழும் கையுமாக மேடையருகே வந்தார்.

"சார், கோட்டு போட்ட ஒருத்தரு கார்ல வந்தாரு. 'இதுல என் பேரே இருக்கு, ஒங்க பேரு இல்லியே'ன்னேன். அவரும் மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சுப் பாத்துட்டு, வண்டியத் திருப்பிக்கினு போயிட்டாரு."