கார்டினலுக்குப் பொன்னுக்குவீங்கி

"வாயத் தெறடா ராசா, ஒரே ஒரு வாய்!" என்று கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கெஞ்சினார் ஆக்னல்.

விரல் நீளக் கார்டினல் மீன்கள் பவளத்தின் மேல் கூட்டமாக நின்று தீனியைக் கொத்தின. ஒன்று மட்டும் தாடை புடைக்க, வாயை இறுக மூடி ஒதுங்கி நின்றது. கொடைக்கானல் குளிரில் ஹீட்டர் போட்டு இந்தக் குட்டிக் கடலை வளர்ப்பவள் அவர் மனைவி அருள்மேரி. தம்பியின் புது வீட்டைச் சாமியார் மந்திரிக்கும் விழாவுக்குத் திண்டுக்கல் போனவள், "மீனுக்கு ஒண்ணு ஆச்சு, ஒங்களுக்கு இந்த வீட்டுல சோறு கெடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஆக்னல் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினார். மீன் அசையவில்லை. தண்ணீர்தான் மோராகக் கலங்கியது.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஜோதிமணி வந்து பார்த்தாள்.

"அண்ணே, இது பொன்னுக்குவீங்கி! எங்க ஊரு கவுஞ்சியில புள்ளைகளுக்குத் தாடை வீங்குனா, வெரசா கழுத்துல தங்கச் சங்கிலியப் போட்டு விடுவோம். வத்திரும்."

"மீனுக்கு ஏதும்மா கழுத்து?"

"தொட்டித் தண்ணிய ஒரு டம்ளர்ல மோந்து, சங்கிலிய அதுல ஊறப்போட்டு, மீன் கண்ணுல படுற மாதிரி வைங்க. தொட்டிக்குள்ள மட்டும் போட்டுறாதீங்க, பவளம் பட்டுப்போயிரும்."

முட்டைக்கோசு விளைவிக்கிற ஊர்க்காரிக்குப் பவளத்தைப் பற்றி எப்படித் தெரியும் என்று யோசிக்கும் நிலையில் ஆக்னல் இல்லை.

"மதினியோட வெள்ளிவிழாச் சங்கிலி பீரோவுலதான கெடக்கு?"

ஆக்னல் பீரோச் சாவியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். கல்யாண வெள்ளிவிழாவில் பங்குச்சாமியாரும் சொந்தபந்தமும் கைதட்ட, "சுத்தத் தங்கம்" என்று சொல்லி மனைவி கழுத்தில் அவர் போட்ட சங்கிலி அது. மதுரையில் கவரிங் கடையில் வாங்கியது என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும்.

"அது எதுக்கும்மா..."

"மீனவிடச் சங்கிலி பெருசா? மதினி வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

வேறு வழியில்லாமல் சங்கிலியை டம்ளரில் போட்டார்.

விடிந்ததும் பார்த்தால் சங்கிலி பச்சைப் பசேலென்று கிடந்தது. பதறிப்போய்ப் புளி போட்டுத் தேய்த்தார். மிச்சமிருந்த பொன்முலாமும் கழன்று செம்பு பல்லிளித்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, பையும் கையுமாக வந்து நின்றாள் அருள்மேரி.

"அருளு, ஒன் மீனுக்கு வைத்தியம் பாக்கப் போயி... இந்தக் கடல் தண்ணி பொல்லாதது, தங்கத்தையே அரிச்சிருச்சு!"

அவள் சங்கிலியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, அதுக்கு ஒரு சீக்கும் இல்ல. இந்த மீனுல அப்பன்தான் முட்டைய வாயில வச்சு அடைகாக்கும். குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் ஒண்ணும் திங்காது. அங்க பாருங்க, குஞ்சுக!"

பவளத்தின் ஓரம் தூசியாகக் குஞ்சுகள் மிதந்தன. அப்பன் மீன் தீனியை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. ஆக்னலுக்குப் போன உயிர் திரும்பியது. நல்லவேளை, சங்கிலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு மேலே ஜோதிமணியின் தலை தெரிந்தது.

"மதினி, ஊருக்குப் போகயில நீங்க சொல்லிக் குடுத்த வைத்தியத்த அட்சரம் பிசகாம அண்ணன்ட்ட சொல்லிட்டேன். சங்கிலி பச்சையாயிருச்சா?"