நான்காவது மாடிக்கு ஆதாரம் எங்கே?

உலகத்தில் ஆதாரசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற சாதாரணப் பிடிவாதக்காரர்களோடு இவர்களைச் சேர்த்துவிடாதீர்கள். இவர்களுக்கு அது அவமானம். ஆதாரசாமி முதலில் முயலுக்கு மூன்று கால் என்று ஒரு புத்தகம் போடுவார். பிறகு அந்தப் புத்தகத்தையே எடுத்துக் காட்டி, பக்க எண்ணும் சொல்லி, நாலு காலில் ஓடுகிற முயலை நிறுத்தி, "உனக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்பார்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஆதாரசாமி என்பது மாணவர்கள் வைத்த பெயர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறார்களே இணையக் கலைக்களஞ்சியம், அதில் கட்டுரைகளைத் திருத்த மாணவர்களைப் பழக்குவது இவர் நடத்தும் பாடம். முதல் வகுப்பில் இரண்டு மணி நேரம் பேசுவார். "இது அறிவோட ஜனநாயகம்! இங்க பேராசிரியரும் ஒண்ணுதான், பியூனும் ஒண்ணுதான்!" என்று முழங்குவார். முழங்கிய வேகத்திலேயே, கதவோரம் நின்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்த பியூனைப் பார்த்து, "இங்க என்ன வேடிக்கை? போய் வேலையைப் பாரு" என்பார்.

வீட்டில் மட்டும் மனிதர் வேறு மாதிரியா? "என்னங்க, மழை வருது, கொடியில கிடக்கிற துணியை எடுங்க" என்று மனைவி அடுப்படியிலிருந்து கத்தினால், இவர் ஜன்னலைப் பார்க்கமாட்டார், கைபேசியைப் பார்ப்பார். "இன்னிக்கு மழை இல்லைன்னு போட்டிருக்கே?"

"அப்படிப் போட்டவன் வந்து உங்க சட்டையைக் காயவைப்பானா?" என்பார் அந்த அம்மாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். இவருக்கு வேண்டும். அந்தக் கண்ணாடி அச்சிலும் வந்திருக்க வேண்டும்.

விவகாரம் வந்தது ஒரு மாடியால்.

வகுப்பு நடப்பது நூலகக் கட்டடத்தின் நான்காவது மாடியில். லிஃப்ட் வருடத்தில் பாதி நாள் படுத்த படுக்கை. ஆகவே ஆதாரசாமி ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்கி, முட்டியைத் தடவி, நான்கு மாடியும் ஏறித்தான் வகுப்புக்கு வருவார். மொத்தம் எத்தனை மாடி என்று அவருடைய முட்டிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முட்டி புத்தகம் எழுதியதில்லை.

அந்த வகுப்பில் கடைசி வருட மாணவி ஒருத்தி. ஒரு காப்பீட்டு நிறுவனம் அவளுக்கு வேலை உத்தரவு கொடுத்திருந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் சம்பாதிக்கப் போகிற முதல் ஆள் அவள்தான். பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரையில், "நூலகம் மூன்று மாடிக் கட்டடம்" என்றிருந்ததைப் பார்த்தாள். 'தொகு' என்பதை அழுத்தினாள், மூன்றை நான்காக்கினாள். அன்று மாலைக்குள் நான்கு மறுபடி மூன்றாகிவிட்டது. பக்கத்தில் "விஷமத் தொகுப்பு" என்று ஒரு முத்திரையும் விழுந்திருந்தது. வேண்டுமென்றே கட்டுரையைக் கெடுப்பவர்களுக்குப் போடும் முத்திரை அது. பாட விதிப்படி அது விழுந்தால் பூஜ்யம். முத்திரை போட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

"ஏம்மா, நாலு மாடின்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். இப்ப நாம உக்காந்திருக்கறதே நாலாவது மாடியிலதானே?"

"அது உன் அனுபவம். அனுபவத்துக்கெல்லாம் கலைக்களஞ்சியத்துல இடம் இல்லை. கண்ணால் காண்பதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாருங்க சார். கீழ மூணு மாடி தெரியும்."

"எட்டிப் பாத்தா அது சொந்த ஆய்வு! அதுக்கும் இங்க அனுமதி இல்லை."

பின்வரிசையில் எவனோ சிரித்துத் தொலைத்தான். அதற்குமேல் அவள் பேச்சு எடுபடுமா?

கட்டுரையில் மூன்று மாடிக்கு ஆதாரமாகக் கொடுத்திருந்தது எந்த நூலை என்கிறீர்கள்? ஆதாரசாமி எழுதிய பல்கலைக்கழக வரலாற்றைத்தான். அவர் எழுதிய காலத்தில் மூன்று மாடிதான் இருந்தது, பொய்யில்லை. நான்காவது பிறகு வந்தது. இரண்டாம் பதிப்பு போடும்போது மனிதர் சரிபார்க்கத்தான் செய்தார். மாடியேறி அல்ல, கலைக்களஞ்சியத்தைத் திறந்து. அது மூன்று என்றது. முதல் பதிப்பைப் பார்த்துச் சொன்னது. அவரும் திருப்தியாக மூன்று என்று போட்டு, அடிக்குறிப்பில் கலைக்களஞ்சியத்தைக் காட்டினார். இப்படி முதுகை மாற்றி மாற்றிச் சொறிந்துகொண்டு இரண்டும் சுகமாக இருந்தன. அதற்குள் இந்தப் பெண் வந்து ஒரு மாடியைச் செருகினால்? ஒரு மாடி தப்பென்றால் மற்ற முந்நூறு பக்கத்தை எவன் நம்புவான்? ஆதாரசாமிக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. பயந்த பெரிய மனிதர் கோபித்துக்கொள்வார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவள் அலைந்தாள். "நாலு மாடின்னு எழுதிக் குடுக்கறதுன்னா மேலிடத்துல கேக்கணும்மா" என்றார் நூலகர். அதே நூலகத்தின் மூன்றாவது மாடியில் இருந்த கட்டடப் பிரிவில் எழுத்தர் கோப்பைப் புரட்டிவிட்டு, "நாலாவது மாடி கட்டியாச்சு. ஆனா ஒப்புதல் இன்னும் வரலை. அதனால எங்க கணக்குப்படி அந்த மாடி கிடையாது" என்றார். அவர் தலைக்குமேலே அந்த மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

மதிப்பெண் பட்டியல் போக ஐந்து நாள் இருந்தபோது பாடத்தின் நிறைவு விழா வந்தது. பத்திரிகை நிருபரை ஆதாரசாமியே வரவழைத்திருந்தார். விழா முடிந்ததும் நிருபரின் தோளில் கைபோட்டு, குறிப்பை வரிவரியாகத் திருத்தினார்.

"சும்மா நூலகத்துலன்னு போட்டா எடுப்பா இருக்காது தம்பி. நூலகத்தின் நான்காவது மாடியில் அமைந்துள்ள நவீன கணினிக் கூடத்தில்னு போடுங்க. நான் சொன்னதாவே போடுங்க."

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மாணவியின் காதில் இது விழுந்தது.

மறுநாள் படத்தோடு செய்தி வந்தது. ஆதாரசாமி அதை வெட்டி எடுத்து, உறவினர் எல்லாருக்கும் அனுப்பினார், பேசாத சம்பந்திக்கும்கூட. அவளும் அதை எடுத்தாள். மறுபடி மூன்றை நான்காக்கி, பத்திரிகை, தேதி, பக்கம், சொன்னவர் எல்லாவற்றையும் ஆதாரமாகக் கொடுத்தாள்.

ஆதாரசாமி கணினிமுன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். இதை நீக்கினால் அந்தச் செய்தி பொய் என்றாகும். செய்தி பொய்யென்றால் அதிலிருக்கும் தன் படம்? முத்திரையை எடுத்தார். தேர்ச்சி போட்டார். மன்னிப்பு கேட்டாரா? அடுத்த ஆண்டு முதல் வகுப்பில், "ரொம்ப வருஷமா ஒரு பிழை இருந்துச்சு. நான்தான் தகுந்த ஆதாரத்தோட திருத்த வெச்சேன்" என்றார். மூன்றாம் பதிப்பில் நூலகத்துக்கு நான்கு மாடி. நன்றியுரையில் அந்த நிருபரின் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். "கரும்பலகை சரியாத் தெரியலப்பா" என்று உங்கள் பிள்ளை மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. படிக்காமல் இருக்கச் சாக்கு என்றீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து முத்திரை குத்திய கடிதம் ஒன்று வந்த பிறகுதானே கண் மருத்துவரிடம் ஓடினீர்கள்?